படம் முடிந்த பின்னர் வந்த அறிவித்தல்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் பத்திரிகையின் சினிமாப் பக்கத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை வாசித்தது வழக்கத்தின் பேரில். இரண்டாவது தடவை வாசித்ததற்குக் காரணம், வலப்பக்க அடிமூலையில், தையல் பயிற்சி வகுப்பு விளம்பரம் ஒன்றின் தலைமேல் நான்கு வரிகளில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு செய்தி. திருகோணமலை இளைஞர்கள் சிலர் சேர்ந்து எடுத்த ஒன்றரை மணிநேரத் தமிழ்ப் படம் ஒன்று நகரத்து மண்டபமொன்றில் சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் திரையிடப்படவுள்ளது என்று அந்தச் செய்தி கூறியது. பத்திரிகை என் கையில் கிடைத்தது ஞாயிறு காலை. படம் முதல்நாளே காட்டி முடிந்து, கதிரைகளும் அடுக்கப்பட்டுவிட்டன. அதே பக்கத்தின் மேல் முக்கால் பகுதியிலோ, தென்னிந்திய நட்சத்திரம் ஒருவரின் புதிய படம் முதல் மூன்று நாட்களில் எந்தெந்த நாட்டில் எத்தனை கோடி வசூலித்தது என்ற விபரம் வண்ணப் படங்களோடு வெளியாகியிருந்தது. அந்தக் கணக்கில் இலங்கைக்கெனத் தனி நிரல்கூட இல்லை. ‘ஏனைய நாடுகள்’ என்பதற்குள் நாம் அடங்கியிருந்தோம்.

இதைச் சொல்லித் தங்களை நோகடிப்பது என் நோக்கமன்று. பெரிய படங்களும் சிறிய படங்களும் நம்மிடம் எவ்வாறு வந்து சேர்கின்றன, வந்து சேர்ந்தபின் அவற்றை நாம் எவ்வாறு வரவேற்கிறோம் என்பது பற்றி, இந்த இரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்குச் சில எண்ணங்கள் தோன்றின. இளமையில் பதினொரு வருடம் இந்நகரின் அச்சகம் ஒன்றில் அச்சுக்கோப்பாளனாக இருந்து, படமாளிகைகளுக்கு நோட்டீசும் சுவரொட்டியும் அடித்துக் கொடுத்தவன் என்ற முறையில் அவற்றைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு என நினைக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமைத் திரையிடலுக்கு நான் போயிருந்தேன். என் பேத்தியோடு படித்த பிள்ளை ஒருத்தி அதில் நடித்திருந்தபடியால் வெள்ளிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. படம் தொடங்க ஐம்பது நிமிடம் பிந்தியதால், வந்திருந்தவர்களை எண்ணிப் பார்க்க எனக்கு அவகாசம் கிடைத்தது: நாற்பத்து மூன்று பேர். அவர்களில் முப்பது பேராவது நடித்தவர்களின் அல்லது எடுத்தவர்களின் உறவினர். மேற்குப் பக்க யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஒரு யன்னலுக்குத் துணி போதவில்லை. அதனால் முதல் இருபது நிமிடமும் திரையின் இடது ஓரத்தில் மாலை வெயில் விழுந்து, அந்த ஓரத்தில் நின்று பேசியவர்களின் முகம் எவருக்கும் தெரியவில்லை. மின்விசிறியைப் போட்டால் வசனம் கேட்கவில்லை, நிறுத்தினால் புழுங்கியது. இயக்குநரே எழுந்து வந்து சபையோரிடம் அபிப்பிராயம் கேட்க, வசனம் இல்லாத காட்சிகளில் விசிறியைப் போடுவதென்றும் வசனம் வரும்போது நிறுத்துவதென்றும் தீர்மானமாகி, ஒரு பையன் ஆளிக்கருகில் நின்றபடியே முழுப் படத்தையும் பார்த்தான்.

படத்தின் நடுவில் ஓர் இடம் வருகிறது. கடலுக்குப் போன மகன் திரும்பாமல் நான்கு நாட்களாகின்றன. தாய் வாசலில் இருந்து வலை பொத்துகிறாள். அவளது கைகளைத் தவிர வேறெதுவும் திரையில் இல்லை. கிழிந்த கண்ணை விரலால் தேடிப் பிடிப்பதும், ஊசியைக் கோப்பதும், முடிச்சை இறுக்கிப் பல்லால் நூலை அறுப்பதுமாக நான்கு நிமிடம் போகிறது. பேச்சும் இல்லை, இசையும் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த நடுத்தர வயதுக்காரர் முதலாவது நிமிடத்தில் கைத்தொலைபேசியை எடுத்தார். மூன்றாவது நிமிடமளவில் அதைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுச் சற்று முன்னால் சரிந்து உட்கார்ந்தார். அந்தக் காட்சிக்கு இதைவிடச் சிறந்த விமர்சனத்தை நான் எங்கும் வாசிக்கவில்லை. அதே வேளை, படத்தின் கடைசி இருபது நிமிடம் தேவையற்றது என்பதையும், முடிவு ஒன்றுக்குப் பதிலாக இரண்டு முடிவுகள் ஒட்டப்பட்டிருந்தன என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் படம் முடிந்து பிளேன்டீயும் வாய்ப்பனும் கொடுத்தபோது இந்த இரண்டைப் பற்றியும் எவரும் வாய் திறக்கவில்லை. ‘நல்ல முயற்சி’ என்றார்கள். ‘எங்கட பிள்ளையள் இவ்வளவு செய்ததே பெரிசு’ என்றார்கள். பேச அழைக்கப்பட்ட பெரியவர் ஒருவர் இந்தத் துறை வளர வேண்டும் என்று வாழ்த்தி, பொன்னாடை போர்த்திவிட்டுப் போனார். இயக்குநரின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு வேண்டியிருந்தது பொன்னாடை என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு இரண்டு வாரம் முன்னர், மேலே சொன்ன நட்சத்திரப் படத்தின் முதல் காட்சி நாளன்று, படமாளிகைக்கு எதிரேயுள்ள தேநீர்க்கடையில் நான் இருந்தேன். கட்அவுட், மாலை, வெடி, பால் பைக்கற்றுகள் எல்லாம் வாசகர்கள் அறிந்தவையே. அங்கே பதினேழு வயது மதிக்கத்தக்க ஒரு பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். மூதூரிலிருந்து விடியவே புறப்பட்டு வந்திருந்தான். படத்தின் பெயர் அறிவிக்கப்பட்ட திகதி, ‘ஃபர்ஸ்ட் லுக்’ வந்த நேரம், முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, டீசர், இசை வெளியீட்டு விழாவில் நாயகன் சொன்ன குட்டிக் கதை, ட்ரெய்லர், முன்பதிவு திறந்த நிமிடம் எல்லாவற்றையும் ஒரு வரிசையில் ஒப்புவித்தான். ஏறத்தாழ ஏழு மாதம் அந்தப் படத்தோடு குடியிருந்துவிட்டுத்தான் அவன் அன்று காலை அதைப் பார்க்க வந்திருந்தான். அவனைப் பொறுத்தவரை அன்று நடந்தது படம் பார்த்தல் என்பதைவிட, ஏழு மாதத் திருவிழாவின் தேர் நாள் என்றே சொல்ல வேண்டும். இதில் அவனைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. நானும் அந்த வயதில் நோட்டீசுக்குப் பின்னால் ஓடியவன்தான்.

கவனிக்க வேண்டியது, அந்த ஏழு மாத வரிசையிலுள்ள ஒவ்வொரு படியும் தங்கள் பத்திரிகையில் செய்தியாக வெளிவந்திருக்கிறது என்பதை. பெயர் அறிவிப்புக்கு ஒரு செய்தி, பாட்டுக்கு ஒரு செய்தி, டீசரை எத்தனை இலட்சம் பேர் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு செய்தி. விளம்பரத்தைச் செய்தியாக மாற்றித் தருவதே இன்றைய பெரும்படச் சந்தைப்படுத்தலின் முதன்மையான கைவேலை. அப்படி மாறிவிட்டால் அதற்குக் கட்டணம் கிடையாது. சிறிய படம் எடுத்தவனோ விளம்பரத்தை விளம்பரமாகவே கொண்டுவருகிறான். அதனால் அவனிடம் மட்டும் நிரல் அளந்து காசு கேட்கப்படுகிறது. பணம் உள்ளவனுக்கு இலவசமாகவும் இல்லாதவனுக்குக் கட்டணமாகவும் இருக்கும் இந்த ஏற்பாட்டை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதை நான் அறிவேன். எனினும் நடப்பது அதுவே.

எங்கள் காலத்து முறை வேறு. 1970களின் நடுப்பகுதியில் நான் அச்சகத்தில் சேர்ந்தபோது, படமாளிகை முகாமையாளர் வியாழக்கிழமை காலையில் ஒரு துண்டுக் கடதாசியோடு வருவார். அதில் படத்தின் பெயரும் நடிகர் பெயர்களும் காட்சி நேரங்களும் இருக்கும். நட்சத்திரத்தின் பெயருக்கு ஆகப் பெரிய மரவெழுத்து, படத்தின் பெயருக்கு அடுத்த அளவு, இயக்குநருக்கு எஞ்சியிருக்கும் இடம். எங்களிடமிருந்த மரவெழுத்துப் பெட்டியில் ‘ரு’ உடைந்திருந்தது. அதனால் பல மாதங்களாக ‘மாபெரும்’ என்று எந்தப் படத்துக்கும் போட முடியாமல், எல்லாப் படங்களும் ‘மகத்தான’ படங்களாகவே திருகோணமலைக்கு வந்தன. மெல்லிய மஞ்சள், ரோசாத் தாள்களில் அடித்த நோட்டீசுகளை ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று மத்திய வீதியிலும் ஏகாம்பரம் வீதியிலும் வீசிக்கொண்டு போகும்; பின்னர் உப்புவெளிப் பக்கம் திரும்பும். நட்சத்திரப் படமென்றால் ஐயாயிரம் அடிப்போம். இலங்கையில் எடுத்த தமிழ்ப் படமென்றால் ஐந்நூறு. ‘உதுக்கு உவ்வளவு காணும்’ என்பார் முகாமையாளர். ஆட்கள் வராததால் குறைத்து அடித்தாரா, குறைத்து அடித்ததால் ஆட்கள் வரவில்லையா என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் அந்தக் காலத்துப் படங்களுக்கு ஒரு வசதி இருந்தது. அதற்குப் பெயர் அவகாசம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடிய பிறகே பெரும்பாலான படங்கள் இங்கு வந்தன. படப்பெட்டி வருவதற்கு முன் பேச்சு வந்துவிடும். முதல் வாரம் கலரி காலியாகக் கிடந்த படம், பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி மூன்றாம் வாரம் நிரம்பியதை நான் கண்டிருக்கிறேன். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் நிலைமை ஏறக்குறைய அதுவே. பெரிய நகரங்களில் சில அரங்குகளில் தொடங்கி, வரவேற்பைப் பார்த்துப் படிப்படியாகப் பரப்புவார்கள். 1975 ஜூனில் ‘ஜாஸ்’ என்ற சுறாப் படத்தை ஒரே நாளில் 400க்கும் மேற்பட்ட அரங்குகளில் திறந்து, அதற்கு முந்திய நாட்களில் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு மட்டும் ஏறத்தாழ 7 இலட்சம் டொலரைக் கொட்டியபோது அந்த வழக்கம் உடையத் தொடங்கியது. ஆனாலும் அடுத்த இரண்டே வருடத்தில், 1977 மே மாதம், ‘ஸ்டார் வார்ஸ்’ முதல்நாளில் 32 அரங்குகளில் மட்டுமே திறக்கப்பட்டது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அந்த 32 அரங்குகளின் முன்னால் நின்ற வரிசையே அதன் விளம்பரமாயிற்று. பின்னரும், 2002இல் 50 இலட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்டு 108 அரங்குகளில் தொடங்கிய ‘மை பிக் ஃபாட் கிரீக் வெடிங்’ என்ற கல்யாணப் படம், ஒரு வாரம்கூட வசூலில் முதலிடத்துக்கு வராமலே, வட அமெரிக்காவில் மட்டும் 24 கோடி டொலரைத் தாண்டியது. அதை எவரும் மூன்றாம் நாள் தூக்கிவிடவில்லை என்பதே காரணம்.

இன்று நம்மிடம் மூன்றாம் வாரம் என்பதே இல்லை. பெரிய படம் ஒரே நாளில் உலகமெங்கும் திறக்கப்படுகிறது. தமிழகத்தில் வெளியாகும் அதே நாளில் இங்கும் வெளியாகிறது. போட்ட பணத்தை முதல் வார இறுதிக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதால் எல்லா அரங்கும் எல்லாக் காட்சியும் அதற்கே போகின்றன. 2016 ஜூலையில் ‘கபாலி’ வெளியானபோது விமானமொன்றில் நாயகனின் உருவத்தை வரைந்து பறக்கவிட்டார்கள். சென்னையில் சில நிறுவனங்கள் பணியாளர்களுக்கு விடுமுறையே அறிவித்தன. 2023இல் வந்த ‘பார்பி’ படத்தைத் தயாரிக்க 14.5 கோடி டொலர் என்றால், அதை விளம்பரப்படுத்த ஏறத்தாழ அதே அளவு செலவானதாக அமெரிக்கப் பத்திரிகைகளே எழுதின. இவ்வளவு செலவழித்தவனுக்கு, முதல் காட்சி பார்த்துவிட்டு வெளியே வருகிறவன் என்ன சொல்கிறான் என்பது பெரும் அச்சமாக இருப்பதில் வியப்பில்லை. 2024 நவம்பரில் தமிழகத் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து, முதல்நாள் அரங்க வளாகத்தில் யூடியூப்காரர்கள் ஒலிவாங்கியை நீட்டி ரசிகர்களிடம் கருத்துக் கேட்பதைத் தடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஏழு மாதம் மக்களைப் பேசு பேசு என்று தூண்டிவிட்டு, படம் வந்த அன்று வாயை மூடு என்று சொல்வது எந்த வகை நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

பெரிய படத்துக்குப் பேச்சு அச்சம். சிறிய படத்துக்கோ பேச்சுத்தான் உயிர். ஆனால் எத்தகைய பேச்சு என்பதில் சிக்கல் இருக்கிறது. பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருதைப் பெற்றது. இந்தியாவின் சார்பில் ஒஸ்காருக்கும் அனுப்பப்பட்டது. அது நம் வீடுகளுக்கு வந்தது 2023இல், இணையத் தளம் ஒன்றின் வழியாக. அவரது அடுத்த படமான ‘கொட்டுக்காளி’ பெர்லின் விழாவுக்குப் போய்வந்து, 2024 ஓகஸ்ட் 23 அன்று தமிழக அரங்குகளில் வெளியானது. தயாரித்தவர் நடிகர் சிவகார்த்திகேயன், நாயகன் சூரி. பின்னணி இசையே இல்லாத, முடிவைப் பார்வையாளனிடம் விட்டுவிடுகிற படம் அது. சூரியின் பெயரைப் பார்த்து வந்தவர்களில் பலர் எரிச்சலோடு வெளியேறினார்கள். ‘விழாப் படத்தை விழாவிலேயே வைத்துக்கொள்ளலாமே’ என்ற குரலும் எழுந்தது. படம் எனக்குப் பிடித்தது. ஆயினும் அந்த எரிச்சலில் ஒரு நேர்மை இருந்தது என்றே கருதுகிறேன். பந்திக்கு அழைக்கும்போது விருந்து என்று சொல்லி அழைத்துவிட்டுக் கஞ்சி ஊற்றினால், கஞ்சி எவ்வளவு நல்லதாயிருந்தாலும் வந்தவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். கஞ்சி என்று சொல்லியே அழைத்திருந்தால், குறைவானோரே வந்தாலும் குடித்துவிட்டுப் போய் நாலு பேரிடம் சொல்லியிருப்பார்கள்.

மறுபக்கம், 2025 மே 1 அன்று சூர்யாவின் ‘ரெட்ரோ’ வெளியான அதே நாளில் ‘டூரிஸ்ட் பேமிலி’ வந்தது. நம் நாட்டின் பொருளாதார நெருக்கடியில் படகேறிச் சென்னை போய்ச் சேரும் ஒரு குடும்பத்தின் கதை. புதிய இயக்குநர், சிறிய செலவு. பெரிய படத்தின் நிழலில் அடிபட்டுப் போயிருக்க வேண்டியது, பார்த்தவர்கள் சொல்லியே வாரக்கணக்கில் ஓடியது. அதைச் சுயாதீனப் படம் என்று கொள்ள முடியாது. வணிகப் படத்தின் எல்லா இலக்கணமும் அதில் உண்டு. அதில் வரும் ஈழத்துப் பேச்சு எங்கள் பேச்சுத்தானா என்று உவர்மலைச் சந்தியில் இரண்டு வாரம் வாக்குவாதம் நடந்தது. எந்தப் படத்துக்கும் அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

விருதைப் பற்றியும் ஒரு சொல். சிறிய படங்களின் சுவரொட்டியில் இப்போது முகங்களைவிட இலை வளையங்களே அதிகம். போன விழா, தெரிவான விழா, பரிசு பெற்ற விழா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையம். எடுத்தவனிடம் வேறு முதல் இல்லை என்பதால் அதைக் காட்டுகிறான். ஆனால் அந்த இலைகளைக் கண்டதும் நம்மில் பலர் ‘இது விளங்காத படம்’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்காதவர்கள் மரியாதைக்காக வருகிறார்கள். 2015இல் பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியாரின் ‘தீபன்’ கான் விழாவில் தங்கப்பனை விருதைப் பெற்றபோது, அதில் நாயகனாக நடித்தவர் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி என்பதால் எல்லோரும் பூரித்தோம். நான் கேட்டுப் பார்த்த பத்துப் பேரில் படத்தைப் பார்த்திருந்தவர்கள் இருவர்.

நம் நாட்டில் எடுக்கப்படும் தமிழ்ப் படத்துக்கு இந்தத் தடைகளோடு இன்னும் சில கூடுதலாக உண்டு. இங்கு ஒருபோதும் தமிழ்த் திரைத்துறை தழைக்கவில்லை. செங்கை ஆழியானின் நாவலிலிருந்து எடுத்த ‘வாடைக்காற்று’ 1978இல் வந்தது. அக்காலத்தில் தர்மசேன பத்திராஜ ‘பொன்மணி’யை எடுத்தார். ஆண்டுக்கு ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்தவையும் அற்றுப்போகும் காலமாக 1983 வந்தது, கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ அந்த யூலையில் எரிக்கப்பட்டது. போர் முடிந்தபின் எடுக்க முன்வந்த பிள்ளைகளுக்குக் கலையகமும் இல்லை, விநியோகத்தரும் இல்லை. இருப்பது கையிலுள்ள தொலைபேசி. மதிசுதா தம் படத்தைக் கைத்தொலைபேசியிலேயே எடுத்து, அதற்குப் பாரதியின் வரியான ‘வெந்து தணிந்தது காடு’ என்பதைப் பெயராக வைத்தார். பின்னர் அதே வரி தமிழகத்தின் பெரும் படமொன்றுக்கும் பெயராயிற்று. இன்று இணையத்தில் அந்தப் பெயரைத் தட்டிப் பாருங்கள். எந்தப் படம் முன்னால் வந்து நிற்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பாரதி இருவருக்கும் பொதுவானவன்தான், தேடுபொறி அப்படியன்று.

இவ்வளவும் சொன்னபின், எங்கள் பிள்ளைகளின் தவறுகளைச் சொல்லாமல் விட்டால் நானும் பொன்னாடை போர்த்தியவனாகிவிடுவேன். ஒன்றரை வருடம் உழைத்து எடுத்த படத்துக்கு வெள்ளிக்கிழமை இரவு அழைப்பு அனுப்பிச் சனிக்கிழமை காட்டுவது என்ன கணக்கு? ஒரே ஒரு காட்சி. அதுவும் மாலை வெயில் முகத்திலடிக்கும் நேரத்தில். அன்று வராதவன் எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. இன்னொன்றையும் கேட்டேன். படத்தில் துணைத்தலைப்பு ஆங்கிலத்தில் மட்டும் ஓடியது. ஏன் சிங்களத்தில் இல்லை என்றேன். ‘விழாக்களுக்கு அனுப்ப ஆங்கிலந்தான் கேட்பார்கள், ஐயா’ என்றான் இயக்குநர். அவன் சொன்னது உண்மையே. ஆனால் மூன்று சமூகமும் தோளுரசி வாழும் ஊரில், கந்தளாயிலிருந்து வந்து நம் பஸ் நிலையத்தில் நிற்கும் ஒருவன் பார்க்க முடியாததாகவும், ரொட்டர்டாமில் இருக்கும் ஒருவன் பார்க்கக்கூடியதாகவும் ஒரு திருகோணமலைப் படம் தயாராகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்துவருகிறது. அங்கே சிங்களப் படத்தைத் தமிழரும் தமிழ்ப் படத்தைச் சிங்களவரும் பார்த்துப் பேசுகிறார்கள். நமக்கு அத்தகைய விழா இல்லாவிட்டால் போகட்டும். துணைத்தலைப்பை எழுத ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைக்காத ஊரா இது?

கேரளத்தில் ஜோன் ஆபிரகாமும் அவரது ஒடேசா குழுவினரும் 1980களில் செய்ததை இங்கே நினைவூட்டலாம். தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’ எடுத்தவர் அவர். ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டி, மக்களிடம் சிறு தொகைகளாகப் பணம் திரட்டி, அதைக்கொண்டு 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை முடித்தார்கள். முடித்த படத்தையும் ஊர் ஊராகவே கொண்டுபோனார்கள். பணம் கொடுத்தவன் படம் எப்போது வரும் என்று காத்திருப்பான். டீசரும் ட்ரெய்லரும் இல்லாமல் ஏழு மாத ஆவலை உண்டாக்கும் வழி அது. தம்பலகாமத்தில் ஒரு வாசிகசாலை, கிண்ணியாவில் ஒரு பாடசாலை மண்டபம், நிலாவெளியில் ஒரு கோயில் வீதி, மூதூரில் ஒன்று என்று இரண்டு மாதத்தில் எட்டு இடத்தில் காட்டியிருந்தால், அந்த வலை பொத்தும் காட்சியைப் பற்றி ஏதாவதொரு மீனவக் குடும்பம் ‘முடிச்சுப் போட்ட விதம் பிழை’ என்றாவது சொல்லியிருக்கும். அந்த ஒரு வாக்கியத்துக்காக எந்த இயக்குநரும் எட்டு ஊர் போகலாம்.

தங்களிடம் நான் கேட்பவை அதிகமில்லை. முதலாவது, வசூல் கணக்குகளைச் செய்தியாக வெளியிடும்போது அந்தத் தொகையைச் சொன்னவர் யார் என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். பெரும்பாலும் தயாரிப்பாளரின் சுவரொட்டியே அதற்கு ஆதாரமாக இருக்கிறது. சந்தைக்கு வந்த கத்தரிக்காயின் விலையைக்கூட நாங்கள் வியாபாரி சொன்னபடி எழுதுவதில்லை. அடுத்தது, இங்கு எடுக்கப்படும் படம் ஒன்று திரையிடப்பட்டால், அதை எடுத்தவரின் நண்பரல்லாத ஒருவரை அனுப்பி, பெரிய படத்துக்கு எழுதும் அதே நீளத்தில் விமர்சனம் எழுதச் செய்யுங்கள். கடைசி இருபது நிமிடம் தேவையற்றது என்றால் அதைப் பெயர் சொல்லி எழுதட்டும். அந்த இயக்குநர் இரண்டு நாள் என்னோடும் தங்களோடும் கோபமாக இருப்பான். மூன்றாம் நாள் வெட்டுமேசைக்குப் போவான். ‘நல்ல முயற்சி’ என்ற சொற்றொடரை ஒரு வருடத்துக்குத் தங்கள் அச்சகத்தில் தடை செய்தாலும் நான் மகிழ்வேன். எங்கள் ‘ரு’ உடைந்ததுபோல அதிலும் ஏதாவதோர் எழுத்து உடைந்துபோனதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கடைசியாக, திரையிடல்களுக்கென ஒரு சிறு கட்டம் வேண்டும்: ஊர், இடம், நாள், நேரம், படத்தின் நீளம், துணைத்தலைப்பு எந்த மொழியில் என்ற அளவில். கட்டணம் வாங்காமல், ஒரு வாரம் முன்னதாக. சினிமாப் பக்கத்தில் இடமில்லை என்று தாங்கள் சொல்லக்கூடும். அது எனக்குத் தெரிந்ததே என்பதால் வேறோர் இடத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன். தங்கள் பத்திரிகையில் என் வீட்டில் எல்லோரும், அயல் வீட்டில் எல்லோரும், எழுத்துக்கூட்டி வாசிக்கும் என் கடைசிப் பேரன் உட்பட, ஒரு நாளும் தவறாமல் பார்ப்பது மரண அறிவித்தல் பக்கத்தை. அதன் கீழ்ப்புறத்தில், அந்தியேட்டி அழைப்புகளுக்கும் நன்றி நவிலல்களுக்கும் இடையில், சில நாட்களில் இரண்டு அங்குலம் வெறுமையாக விடப்படுகிறது. அந்த இளைஞர்கள் அடுத்த மாதம் முதலாவது சனிக்கிழமை இரவு 7 மணிக்கு, இம்முறை வெயில் தாழ்ந்த பிறகு, பாலையூற்றில் மறுபடியும் படத்தைக் காட்ட எண்ணியிருக்கிறார்கள். விபரத்தை இக்கடிதத்தோடு தனித்தாளில் எழுதி இணைத்துள்ளேன். இரண்டு அங்குலத்துக்குள் அடங்கும்படி நானே எழுத்தெண்ணிக் கோத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.